காதுக்குள் பொருந்தும் இயர்போன்: தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் வசிக்கும் ஆஹெனை அடுத்த ஹெர்ட்ஸோகென்ராத்தில், ஒலியை அளப்பதற்காக ஹெட் அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் செயற்கைத் தலைகளைச் செய்கிறது. அந்தத் தலையின் காது உங்கள் காதல்ல. ஆகவே அளவீட்டு வரைபடத்துக்கு முன் முனையைக் கவனியுங்கள். அது காதுக்குழாயை நன்றாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி மங்கிவிடும். இரு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம். வலித்தால் சிறியது. ஃபோம் முனை வெளியோசையை நன்கு தடுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும்.

குரல் முன்னே நிற்க வேண்டுமா, தாளமா என்ற ருசி இதற்குப் பிறகுதான்.

ரயில் இரைச்சல் உள்ளே வந்தால் கை தானாக ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த அளவு: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 89-இல் 5 மணிதான். உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.