போதைப்பொருள் வழக்கு மேல்முறையீடு

போதைப்பொருள் வைத்திருந்தார், விற்றார், கடத்தினார் என்று விசாரணை நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர், அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல் நீதிமன்றத்தை நாடும் சட்ட வழி. தமிழ்நாட்டில் பெரிய அளவு போதைப்பொருள் வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. அவற்றின் தீர்ப்பை எதிர்க்கும் குற்றவியல் மேல்முறையீடு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ போகும். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம்.

மற்ற கிரிமினல் அப்பீல்களைப் போன்றதல்ல இது. கொலை வழக்கில் பிரிவை மாற்றி, ஆயுள் தண்டனையைச் சில ஆண்டுகளாகக் குறைக்க மேல் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. வணிக அளவு, அதாவது சட்டம் குறித்த உச்ச எடையைத் தாண்டிய போதைப்பொருள் வழக்கில் குறைந்தபட்சம் 10 ஆண்டு என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. அளவு பற்றிய முடிவு மாறினால் ஒழிய, ஒன்று குறைந்தது பத்தாண்டுச் சிறை, இல்லையேல் முழு விடுதலை. அதனால்தான் இந்த வழக்குகளில் வாதம் முழுதும் முத்திரை, நேரம், கையெழுத்து, எடை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. ‘ஓட்டையைக் காட்டித் தப்பிக்கிறார்கள்’ என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. போதைப்பொருள் வழக்கில் புகார் கொடுத்தவர் என்று ஒருவர் இல்லை, காயம்பட்டவரும் இல்லை. பிடித்த அதிகாரியின் சொல்லும் அவர் எழுதிய காகிதமும்தான் வழக்கு. அந்தக் காகிதத்தை வரிவரியாகப் படிப்பதைத் தவிர உண்மையைச் சோதிக்க வேறு வழி மேல் நீதிமன்றத்துக்குக் கிடையாது.

1985க்கு முன்

ஆங்கிலேய ஆட்சியில் அபினும் கஞ்சாவும் வருவாய்ச் சரக்குகள். 1857, 1878 ஆண்டுகளின் அபின் சட்டங்கள் உரிமத்தையும் வரியையும் காக்க வந்தவை. 1893–94இல் விசாரணை நடத்திய இந்திய கஞ்சா ஆணையம், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து ஜவ்வாது மலையில் நடந்த கஞ்சா சாகுபடியையும் பதிவு செய்தது. 1930இல் ஆபத்தான மருந்துகள் சட்டம் வந்தது. அதன்படி உச்சத் தண்டனை 3 ஆண்டு, மறுமுறை செய்தால் 4 ஆண்டு. குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. குற்றவியல் நடுவர் விசாரிப்பார். மேல்முறையீடு மாவட்டத்துக்குள்ளேயே செஷன்ஸ் நீதிமன்றத்தில் முடிந்துவிடும்.

1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. கஞ்சாவின் மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் இருந்தது. அந்தக் கெடு நெருங்கிய வேளையில், 1985 நவம்பர் 14 அன்று, இன்று என்.டி.பி.எஸ். சட்டம் என்று எல்லோரும் சொல்லும் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹெராயினுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். அந்த முதல் வடிவத்தில் கஞ்சாவுக்கு மட்டும் உச்சத் தண்டனை 5 ஆண்டுதான் என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி.

சட்டம் இறுகிய காலம்

1989 திருத்தம் மேல்முறையீட்டின் முகத்தையே மாற்றியது. சிறப்பு நீதிமன்றங்கள் வந்தன. 37ஆம் பிரிவு ஜாமீனை அரிதாக்கியது: குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என நீதிபதிக்கு மனநிறைவு வந்தால்தான் ஜாமீன். 32ஏ பிரிவு இன்னும் கடுமையானது. தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையே நீதிமன்றத்திடமிருந்து அது பறித்தது.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அப்பீல் விசாரணைக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆனால், அதற்குள் தண்டனையே முடிந்துவிடும். பிறகு கிடைக்கும் விடுதலையால் யாருக்கு என்ன பயன்? 2000 அக்டோபரில் தாது எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறித்த அளவில் 32ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 37ஆம் பிரிவின் நிபந்தனைகள் தண்டனை நிறுத்திவைப்புக்கும் பொருந்தும் என்றது. கதவு திறந்தது, வாசல் குறுகலாகவே இருந்தது.

2001 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தண்டனையை அளவோடு கட்டிப்போட்டது. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழ் என்றால் சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு முறையே 5 கிராம், 250 கிராம். சிறு அளவுக்கு இன்று அதிகபட்சம் ஓராண்டு. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு. 1985இல் அதிகம் போனால் ஐந்தாண்டு பெற்ற கஞ்சாக் குற்றம், 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு என்றானது. தராசு முள்தான் தண்டனையை நிர்ணயிக்கிறது.

அதனால் மேல்முறையீடுகளில் எடை தனிப் போராட்டமாயிற்று. சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. 21 கிலோ மூட்டை ஒன்றில் எவ்வளவு நுனி, எவ்வளவு தனி இலை, எவ்வளவு ஈரம், சாக்கோடு நிறுத்தார்களா என்ற கேள்விகளில் பத்தாண்டு தொங்குகிறது. ஹெராயினில் கலப்படம் இதே கேள்வியை எழுப்பியது. 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் பிடிபட்டது 4.07 கிலோ, அதில் அசல் ஹெராயின் சராசரி ஒன்றரை சதவீதம், அதாவது சுமார் 60 கிராம். அசலை மட்டுமே கணக்கிட வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. 2020 ஏப்ரல் 22இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கலப்படத்தையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்பதே இன்றைய சட்டம்.

மகஜரும் மாதிரியும்

தமிழ்நாட்டுக் கஞ்சா வழக்கு ஒன்றின் ஆவணக் கட்டைப் பிரித்தால் முதலில் வருவது தகவல் குறிப்பு. ரகசியத் தகவல் வந்த நேரம் எழுதப்பட்டு, மேலதிகாரிக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும் (42ஆம் பிரிவு). அடுத்து, உடல் சோதனைக்கு முன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை சொல்லப்பட்டதற்கான கடிதம் (50ஆம் பிரிவு). பிறகு கைப்பற்றுதல் மகஜர், அதாவது பொருளைப் பிடித்த இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு. கிராமம் என்றால் அதில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்து போட்டிருப்பார்கள். கடைசியில் மாதிரிப் பொட்டலங்கள், முத்திரை, ஆய்வக அறிக்கை. காவல் நிலையப் பதிவேட்டில் மாதிரியை அனுப்பியதாக ஒரு தேதியும் ஆய்வகம் பெற்றுக்கொண்ட சீட்டில் முந்தைய தேதியும் இருந்தால், வழக்கறிஞர் நிற்பது அந்த இடத்தில்தான்.

இந்த ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் ஒரு மேல்முறையீட்டு வரலாறு இருக்கிறது. 50ஆம் பிரிவின் உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை 1999இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வுகள் உறுதி செய்தன. ஆனால் அது உடல் சோதனைக்கு மட்டுமே, பைக்கும் வண்டிக்கும் பொருந்தாது என்ற நிலையும் நிலைத்துவிட்டது. புகார் எழுதியவரே புலனாய்வும் செய்தால் வழக்கு நிற்காது என்று 2018இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2020 ஆகஸ்டில் முகேஷ் சிங் வழக்கில் அது நீக்கப்பட்டது. மேல்முறையீடு காத்திருக்கும் ஆண்டுகளில் சட்டமே இரண்டு முறை திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் தன் வழக்கு பட்டியலில் ஏறுகிறது என்பது ஒரு கைதியின் விதியைத் தீர்மானிப்பது நியாயமான ஏற்பாடு ஆகாது.

சென்னையிலிருந்து போன இரண்டு வழக்குகள் நாடு முழுதும் பேசப்படுபவை. முதலாவது தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. 2004இல் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு சென்னையில் தொடுத்த ஹெராயின் வழக்கு அது. தண்டனைக்கு முக்கிய ஆதாரம் 67ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் எழுதி வாங்கிய வாக்குமூலம். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பது பழைய சட்டம். இந்த அதிகாரிகள் ‘போலீஸ்’ அல்ல, ஆகவே அவர்களிடம் கொடுத்தது செல்லும் என்று அதுவரை தீர்ப்புகள் இருந்தன. 2013இல் உச்ச நீதிமன்றம் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியபோது, பத்தாண்டுத் தண்டனையில் ஒன்பது ஆண்டுக்கு மேல் தூஃபான் சிங் சிறையில் கழித்திருந்தார். 2020 அக்டோபர் 29இல் நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், நவீன் சின்ஹா பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர்: அந்தப் பிரிவினரும் காவல் அதிகாரிகளே, அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் இந்திரா பானர்ஜி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

இரண்டாவது யூசுப் வழக்கு. 2000 மார்ச்சில் சென்னையில் ஒரு லாரியில் 20 கிலோ ஹெராயின் பிடிபட்டது. சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 52ஏ பிரிவின்படி மாதிரிகள் நடுவர் முன்னிலையில் எடுக்கப்படவில்லை என்று சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. இடையே ஓடியது 23 ஆண்டு. இதைப் பின்பற்றிப் பல மேல்முறையீடுகள் வெல்லத் தொடங்கியபோது, 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கு வந்தது. 52ஏ மீறல் மட்டுமே விடுதலைக்குப் போதாது, மற்ற சாட்சியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

கடல் கடந்த தமிழர்கள்

2011 நவம்பரில் இலங்கைக் கடற்படை பிடித்த ஐந்து ராமேசுவரம் மீனவர்களுக்கு, ஹெராயின் கடத்தியதாக 2014 அக்டோபர் 30இல் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தியத் தூதரகத்தின் உதவியோடு மேல்முறையீடு தாக்கலானது. பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. மன்னிப்பு வழங்க அது தடையாக இருந்துவிடக் கூடாது என்பதே காரணம். நவம்பரிலேயே அதிபர் மகிந்த ராஜபக்ச மன்னிப்பு அளித்தார். அவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள், ஆனால் குற்றம் செய்தார்களா இல்லையா என்பதை எந்த மேல் நீதிமன்றமும் ஆராயவில்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினோடு 2009இல் பிடிபட்டார். அறிவுத்திறன் அளவு 69 என்ற மருத்துவச் சான்று பல மனுக்களில் வாதிடப்பட்டும் 2022 ஏப்ரல் 27இல் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டது 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததற்காக. அதே எடை தமிழ்நாட்டில் சிறு அளவின் எல்லையைச் சில கிராமே தாண்டியது. அங்கேயே போதைப்பொருள் வழக்கில் சிக்கிய கோபி அவேடியன் கதை எதிர்த்திசையில் போனது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. இடையில் வந்த வேறொரு தீர்ப்பு சட்டத்தைத் தெளிவாக்கியதால், 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன் முடிவைத் தானே திருத்தி 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் என்ற கீழ் நீதிமன்றத்தின் பழைய தண்டனையை மீட்டது. கடைசித் தீர்ப்புக்குப் பிறகும் ஒரு மறு ஆய்வு தேவைப்படும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இன்றைய நடைமுறை

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374ஆம் பிரிவுக்குப் பதில் புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 415ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. அங்குள்ள அடி அண்ணாமலையைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் வணிக அளவு வழக்கில் தண்டிக்கப்பட்டால், வேலூர் மத்திய சிறை போன்ற ஒன்றில் அவர் இருப்பார். வழக்கு சென்னையில் இருக்கும். குடும்பம் இரண்டுக்கும் நடுவில் பஸ் ஏறி இறங்கும். சிறு அளவு வழக்கை நடுவர் விசாரித்தால் மேல்முறையீடு மாவட்டத்திலேயே செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும், கெடு 30 நாள்.

உயர் நீதிமன்றத்துக்கான கெடு, தண்டனை நாளிலிருந்து 60 நாள். தீர்ப்பு நகல் பெற ஆன நாட்கள் இதில் கழிக்கப்படும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தையும் நீதிமன்றம் மன்னிக்கும். நகலைத் தண்டனை பெற்றவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 1978இல் ஹொஸ்கோட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நகலும் வழக்கறிஞரும் கிடைப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று நிலைநாட்டினார். அபராதம் கட்ட முடியாதவர்களுக்கு 2007இல் வந்த சாந்திலால் தீர்ப்பு முக்கியம்: அபராதத்துக்குப் பதிலான மூன்றாண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் அதில் ஆறு மாதமாகக் குறைத்தது.

குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இந்த மேல்முறையீட்டு வழி பொருந்தாது. அதற்கு ஆட்கொணர்வு மனு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையென்றால், காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவும் கடமைப்பட்டவை. மேல்முறையீட்டு மனுவைக் கைதி சிறை அதிகாரியிடமே எழுதிக் கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பது அந்த அதிகாரியின் பொறுப்பு.