சிட்டி ஆஃப் ஹீரோஸ்: சந்தாவிலிருந்து இலவசத்துக்கு

சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்பது கலிஃபோர்னியாவின் கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்கி, தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2004 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட சூப்பர்ஹீரோ இணைய விளையாட்டு. பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நகரத்துக்குள் உலவி ஆடிய இந்த ஆட்டம், ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் மாதச் சந்தாவில் ஓடியது. 2011 செப்டம்பரில் ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ் ஃப்ரீடம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, சந்தா கட்டாதவர்களையும் உள்ளே விட்டது. அடுத்த பதினான்கு மாதங்களில், 2012 நவம்பர் 30 அன்று, அதன் செர்வர்கள் அணைக்கப்பட்டன. இலவசமாக்கியதால்தான் செத்தது என்பாரும் உண்டு; சாகக் கிடந்ததால்தான் இலவசமாக்கினார்கள் என்பாரும் உண்டு. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்று தெரியும்.

நகரமும் வேடமும்

கதை நடப்பது பாராகன் சிட்டியில். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட நகரம் அது. ரிக்டி என்ற வேற்றுலகத்தார் படையெடுத்து வந்து, ஹீரோக்களில் பெரும்பகுதியினரைக் கொன்று, நகரத்தைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இடிபாடுகளுக்கு நடுவே புதிய ஹீரோக்கள் தேவைப்படுகிறார்கள். அந்த இடத்தில்தான் ஆடுபவர் நுழைகிறார்.

நுழைந்ததும் முதல் வேலை சண்டை அல்ல, வேடம் கட்டுவது. முகமூடி, கையுறை, பூட்ஸ், உடல்வாகு, நிறம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து உருவம் அமைக்கும் வசதி, அந்தக் காலத்து ஆட்டங்களில் இணையற்றதாக இருந்தது. வேறு ஆட்டங்களில் நல்ல உடை வேண்டுமென்றால் அரக்கனைக் கொன்று பறிக்க வேண்டும். இங்கே உடைக்கும் பலத்துக்கும் தொடர்பே கிடையாது. மனதில் கண்ட உருவத்தை முதல் நாளே அணிந்துகொள்ளலாம். மாலை முழுக்க வேடம் கட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குண்டனைக்கூட அடிக்காமல் உறங்கப் போனவர்கள் ஏராளம்.

பணம் என்பதே ஹீரோக்களுக்குக் கிடையாது என்பது இதன் இன்னொரு அழகு. கொள்ளையரை மடக்கிப் பிடித்தால் ‘இன்ஃப்ளூயன்ஸ்’, அதாவது செல்வாக்கு, சேரும். அதைக் கொண்டுதான் தேவையானதைப் பெற வேண்டும். ஊருக்கு நல்லது செய்தவருக்கு ஊர் கொடுக்கும் மதிப்பு அது. உள்ளே புழங்கியது செல்வாக்கு. வாசலில் வாங்கியது மட்டும் மாதம் 14.99 டாலர். அதைக் கட்டியவர் எல்லோரும் உள்ளே சமம். ஆட்டத்தில் சேரும் புதிய பகுதிகளுக்கு காமிக்ஸ் வழக்கப்படி ‘இஷ்யூ’, அதாவது இதழ், என்று எண்ணிட்டுத் தனிக்கட்டணம் இல்லாமல் வெளியிட்டார்கள். சேர்ந்து ஆடுவதையும் அதே மனத்துடன் வடிவமைத்திருந்தார்கள். வலிமை கூடியவர் தன் புது நண்பரை ‘சைட்கிக்’ ஆக்கிக்கொண்டால், அந்த நண்பரின் தரமும் தற்காலிகமாக உயர்ந்து இருவரும் ஒரே களத்தில் இறங்கலாம். பின்னாளில் இந்த ஆட்டத்துக்காக இத்தனை பேர் போராடியதற்கு விதை இங்கேதான் விழுந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

வேடம் கட்டும் வசதி ஒரு வழக்கையும் கொண்டுவந்தது. தங்கள் காமிக்ஸ் நாயகர்களைப் போலவே ஆட்டக்காரர்கள் உருவம் செய்துகொள்ள இது வழிவிடுகிறது என்று 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மார்வெல் சான்றாகக் காட்டிய உருவங்களில் சில, அவர்கள் தரப்பினரே ஆட்டத்துக்குள் போய் உருவாக்கியவை என்று தெரியவந்தது. நீதிமன்றம் அவற்றை ஒதுக்கியது. 2005 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. வேடம் கட்டும் வசதியில் மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை.

வில்லன்களாக ஆட விரும்பியவர்களுக்கு 2005 அக்டோபர் கடைசியில் ‘சிட்டி ஆஃப் வில்லன்ஸ்’ வந்தது. ஒரே சந்தாவில் இரண்டையும் ஆடலாம். 2007 நவம்பரில் கிரிப்டிக் இந்த ஆட்டத்தின் உரிமை முழுவதையும் என்சிசாஃப்டுக்கு விற்றுவிட்டு, ‘சாம்பியன்ஸ் ஆன்லைன்’ என்ற வேறொரு சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் இறங்கியது. சிட்டி ஆஃப் ஹீரோஸைத் தொடர்ந்து நடத்தியவர்கள் என்சிசாஃப்டின் கீழ் கலிஃபோர்னியாவிலேயே தங்கிய குழுவினர். 2009இல் அக்குழு ‘பாராகன் ஸ்டுடியோஸ்’ என்று பெயர் பெற்றது.

சந்தா முறைக்கு வந்த நெருக்கடி

இந்த ஆட்டம் வெளிவந்த அதே 2004இன் நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. மாதச் சந்தா கட்டும் ஆட்டக்காரர்களில் பெருங்கூட்டத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் ஒரு சந்தாதான் கட்ட முடியும் என்றால் எதைக் கட்டுவது என்ற கேள்வி மற்ற எல்லா ஆட்டங்களையும் அரித்தது. 2008 வாக்கில் சிட்டி ஆஃப் ஹீரோஸுக்கு ஒன்றேகால் லட்சம் அளவில் சந்தாதாரர்கள் இருந்தார்கள். வாழப் போதுமான எண்ணிக்கை அது, வளர்வதற்குப் போதாது.

ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே பொருள் விற்பது கொரியாவில் முன்பே வேரூன்றிவிட்ட வழக்கம். மேற்கில் அது தயக்கத்தோடுதான் நுழைந்தது. டர்பைன் நிறுவனம் 2009 செப்டம்பரில் தன் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’ ஆட்டத்தை அப்படி மாற்றிப் பிழைக்க வைத்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்’ ஆட்டத்தையும் மாற்றியது. அதுவரை இலவசம் என்றாலே தரங்குறைந்தது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு கணக்குப் போடத் தொடங்கினார்கள். சூப்பர்ஹீரோ ஆட்டங்களில் முந்திக்கொண்டது, கிரிப்டிக்கின் சாம்பியன்ஸ் ஆன்லைன்; 2011 ஜனவரியிலேயே சந்தாக் கட்டாயத்தை விட்டது. அதே ஜனவரியில் சந்தாவோடு களமிறங்கிய ‘டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்’ நவம்பருக்குள் இலவசமாகிவிட்டது. சூப்பர்மேனும் பேட்மேனும் இருந்தும் ஓராண்டுகூடச் சந்தாவில் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால், காலம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது விளங்கும்.

பின்னாளில் பாராகன் ஸ்டுடியோஸ் ஆன குழுவும் திடீரென்று கடைக்காரராகிவிடவில்லை. 2008இல் ‘வெட்டிங் பேக்’ என்ற தொகுப்பைத் தனிக்காசுக்கு விற்றது. ஆட்டத்துக்குள்ளேயே திருமணம் நடத்திக்கொள்வோர் இருந்தார்கள்; அவர்களுக்கான கல்யாண உடைகளும் சில அசைவுகளும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு முதல் ‘சூப்பர் பூஸ்டர்’ என்ற பெயரில் மேலும் தொகுப்புகள் வந்தன. வேடத்தின் மேல் ஆட்டக்காரர்களுக்கு இருந்த ஆசைக்கு விலை உண்டு என்பதை நிறுவனம் கண்டுகொண்டது அப்போதுதான். 2010 ஆகஸ்டில் வந்த ‘கோயிங் ரோக்’, ஹீரோ வில்லனாகவும் வில்லன் ஹீரோவாகவும் மாற வழிவகுத்த பெரிய விரிவாக்கம். காசுக்கு விற்கப்பட்ட விரிவாக்கங்களில் அதுவே கடைசி.

ஃப்ரீடம்

2011 ஜூனில் மாற்றத்தை அறிவித்தார்கள். செப்டம்பர் நடுவில் சந்தாதாரர்களுக்கும், மாதக் கடைசியில் எல்லோருக்கும் கதவு திறந்தது. இருபத்தோராம் இதழான ‘கன்வர்ஜென்ஸ்’ அதோடு சேர்ந்தே வந்தது.

ஆட்டக்காரர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு காசும் கொடுக்காதவர் ‘ஃப்ரீ’. எப்போதாவது காசு கொடுத்திருந்து இப்போது சந்தா கட்டாதவர் ‘பிரீமியம்’. பழைய சந்தாதாரர்கள் எல்லோரும் இதில் வந்துவிடுவார்கள். மாதாமாதம் கட்டுபவர் ‘வி.ஐ.பி.’ காசு கொடுக்காதவர் இரண்டே பாத்திரங்களை வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலர், மாஸ்டர்மைண்ட் ஆகிய இரண்டு பாத்திர வகைகள் அவருக்குப் பூட்டப்பட்டிருந்தன. பிறருக்குத் தனிச்செய்தி அனுப்ப முடியாது. விளம்பரக் குப்பை அனுப்புவோரைத் தடுக்க வைத்த விதிதான் அது. ஆனால் புதிதாக வந்த அப்பாவியின் வாயையும் அதுவே கட்டியது. பழகிப் பேசி நண்பர் பிடிப்பதற்கென்றே பேர்போன நகரத்தில், புதியவர் ஊமையாகச் சுற்ற வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தின் மிகப் பெரிய பிழை என்று நான் கருதுவது இதைத்தான்.

வி.ஐ.பி.களுக்கு மாதந்தோறும் 400 பாராகன் பாயின்ட், ‘எக்ஸால்டட்’ என்ற தனி செர்வர், ஐம்பதாம் படியைத் தொட்டவர்களுக்கான ‘இன்கார்னேட்’ பகுதி ஆகியவை கிடைத்தன. அந்தப் புள்ளிகளைச் செலவிடும் இடம் ‘பாராகன் மார்க்கெட்’. உடைத்துண்டுகள், புதிய சக்தித் தொகுப்புகள், பூட்டிய வகைகளின் சாவி எல்லாம் அங்கே விலைக்கு இருந்தன. தெருச்சண்டைப் பாணியிலான ‘ஸ்ட்ரீட் ஜஸ்டிஸ்’ போன்ற சில புதிய சக்திகளைச் சந்தாதாரரும் புள்ளி கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் எத்தனை மாதம் சந்தா கட்டினார் என்பதை வைத்துத்தான் பழையவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். இப்போது கடையில் செலவழித்த தொகையும் அந்தக் கணக்கில் ஏறியது. ஊருக்குள் எத்தனை காலம் இருந்தார் என்பதும் எவ்வளவு வாங்கினார் என்பதும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

இந்த வேலையை அரைமனதோடு செய்யவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ‘ஃபர்ஸ்ட் வார்டு’ என்ற முழுப் பகுதி புதிதாக வந்தது. மாதம் ஒரு பாகமாகத் தொடர்கதையும் தொடங்கினார்கள். சந்தாதாரருக்கு அது கூடுதல் கட்டணமில்லாதது, மற்றவர் விலைக்கு வாங்கலாம். ‘ஹூ வில் டை?’ என்ற அந்த முதல் தொடரில் ஆட்டத்தின் முகமாக இருந்த ஸ்டேட்ஸ்மன் கொல்லப்பட்டார். ஸ்டேட்ஸ்மன் என்பது கிரிப்டிக்கின் ஜாக் எம்மர்ட் ஆட்டக்காரர்களிடையே பயன்படுத்திய புனைபெயரும்கூட. பழைய நிறுவனர்களின் நிழலிலிருந்து குழு வெளியே வந்துவிட்டது என்பதை அந்தச் சாவு உணர்த்தியது.

2012 தொடக்கத்தில் வந்த ‘சூப்பர் பேக்’ மனக்கசப்பை உண்டாக்கியது. அது சீட்டுக்கட்டு போன்றது. பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். விரும்பிய உடையை விரும்பியபோது அணியலாம் என்பதே இந்த ஆட்டத்தின் ஆதாரக் கொள்கை. அதே உடையை அதிர்ஷ்டச் சீட்டுக்குள் ஒளித்து வைத்தது பழையவர்களைப் புண்படுத்தியதில் வியப்பில்லை.

மூடல்

2012 ஆகஸ்ட் 28 அன்று என்சிசாஃப்டின் பெரிய வெளியீடான ‘கில்ட் வார்ஸ் 2’ வந்தது. மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 31 வெள்ளிக்கிழமை, பாராகன் ஸ்டுடியோஸ் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ எண்பது பேர் வேலை இழந்தார்கள். நிறுவனம் தன் கவனத்தை வேறு திசையில் செலுத்துவதே காரணம் என்று சொல்லப்பட்டது. அன்றே கடையும் சந்தா வசூலும் நிறுத்தப்பட்டன. அடுத்த இதழான இருபத்து நான்காம் இதழ் சோதனையில் இருந்தது. அது வெளிவரவே இல்லை.

இலவச முறைக்கு மாறி ஓராண்டுகூட நிறையவில்லை. அந்த முறை வென்றதா தோற்றதா என்று முடிவுகட்ட அவ்வளவு குறுகிய காலம் போதாது. அடுத்த இதழையே சோதித்துக்கொண்டிருந்த குழு, தன் காலம் முடிந்துவிட்டதாக நினைத்திருக்க முடியாது என்பதே என் கணிப்பு. சியோலில் இருந்த தலைமை பார்த்தது நிறுவனம் முழுவதற்குமான கணக்கை. அதில் இந்தச் சிறு நகரத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நாவலாசிரியர் மெர்சிடஸ் லாக்கி வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். செப்டம்பர் 8 அன்று ‘வெர்ச்யூ’ செர்வரில், அட்லஸ் பார்க் நகர மண்டபத்தின் முன், அங்கி அணிந்து தீப்பந்தம் ஏந்தி ஆட்டக்காரர்கள் திரண்டார்கள். முடிவு மாறவில்லை. சிதறிய கூட்டத்திலிருந்து ‘சிட்டி ஆஃப் டைட்டன்ஸ்’, ‘ஷிப் ஆஃப் ஹீரோஸ்’ போன்ற மாற்று முயற்சிகள் கிளைத்தன.

இரண்டாம் வாழ்வு

மூடப்பட்ட ஆட்டத்தின் மூல நிரலை வைத்துச் சிறு குழு ஒன்று பல ஆண்டுகள் ரகசிய செர்வர் நடத்திவந்தது என்ற செய்தி 2019 ஏப்ரலில் வெளியானது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அதில் இடம். ஆறரை ஆண்டுகள் அழுது தீர்த்தவர்களுக்கு இந்த மறைப்பு ஆத்திரமூட்டியது. அந்தக் கொந்தளிப்பில் நிரல் பொதுவெளிக்கு வந்தது; சில வாரங்களில் தன்னார்வலர்கள் செர்வர்களைத் திறந்தார்கள். அவற்றில் பெரியது ‘ஹோம்கமிங்’. ரகசியக் காலத்தில் உருவான ‘சென்டினல்’ என்ற புதிய வகையும் அதோடு வந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் ஹோம்கமிங்குக்கு முறையான உரிமம் வழங்கியது.

ஹோம்கமிங்கில் சந்தாவும் இல்லை, கடையும் இல்லை. செர்வர் செலவை ஆட்டக்காரர்கள் நன்கொடையாகத் தருகிறார்கள். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் உள்ளே வேறுபாடு கிடையாது. ஃப்ரீடம் காலத்தில் இரண்டே பாத்திரங்களுக்கு இடம் இருந்த இலவச ஆட்டக்காரர், இங்கே ஒவ்வொரு செர்வரிலும் ஆயிரம் பாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அட்லஸ் பார்க்கில் ஒரு விற்பனையாளர் நிற்கிறார். ஒரு காலத்தில் டாலர் கொடுத்தும், ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டியும் பெற்ற சிறப்புச் சக்திகள் பலவற்றை, புதிதாக வரும் எவருக்கும் அவர் விலையில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்.