பட்டின் பசையும் பருத்தியின் கஞ்சியும்

துணியின் மென்மையை நாம் பெரும்பாலும் அதன் இழைக்கே உரிய குணமாகக் கருதிவிடுகிறோம். பட்டு என்றால் வழவழப்பு, பருத்தி என்றால் மொறமொறப்பு என்று மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் இழை தருவது ஒரு பங்குதான். எஞ்சியதை நெசவின் அமைப்பும், நெய்வதற்கு முன்னும் பின்னும் செய்யப்படும் பக்குவங்களும் தருகின்றன. இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்குக் குவிந்திருக்கும் கூடுகளில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தால் போதும்.

அது கெட்டியான ஓடு. அதுவும் பட்டுதான். புழு பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழையை அடுக்கடுக்காகச் சுற்றி, செரிசின் என்னும் பசையால் ஒட்டி அதைக் கட்டுகிறது. இழையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தப் பசையே. வெந்நீரில் இட்டு நூல் உருவிய பின்னும் அதன் பெரும்பகுதி நூலிலேயே தங்கிவிடுவதால், கச்சாப் பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சோப்பு கலந்த கொதிநீரில் பசை கரைந்த பிறகே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. மினுமினுப்பும் அப்போதுதான் வெளிப்படுகிறது. மென்மை என்று விரல் உணர்வது இழைகளின் இந்த நகர்வைத்தான். அந்தப் பட்டையே மென்மையான அமிலக் கரைசலில் தோய்த்தெடுத்தால் சரசரப்பு என்னும் ஓசை பிறக்கிறது.

பசை போனால் எடையும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வணிகம் இதற்கு ஒரு மாற்றுக் கண்டது. வெள்ளீய உப்புகளைப் பட்டில் ஏற்றி, இழந்த எடையையும் அதற்கு மேலும் ஈட்டியது. துணி கனத்து, அழகாகச் சரிந்து தொங்கியது. ஆனால் அந்த உப்புகளே இழையை உள்ளிருந்து சிதைத்தன. அக்கால உடைகள் பல இன்று அருங்காட்சியகங்களில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கின்றன.

பருத்தியின் கதை இதற்கு நேர் எதிர். பட்டில் பசையை நீக்குகிறோம். பருத்தியில் பசையை ஏற்றுகிறோம். பாவடியில் பாவு நூலுக்குக் கஞ்சி இடுவது, தறியின் உராய்வில் நூல் அறாமல் காப்பதற்காக. வெளுத்த துணிக்குக் கஞ்சி இடுவதோ விறைப்புக்காக. இந்த இரண்டாவது பக்குவம் சங்கப் பாடல்களிலேயே பதிவாகியிருக்கிறது. மதுரைக்காஞ்சியில் பாண்டியன் உடுப்பதும், நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையில் விரிப்பதும் கஞ்சியிட்ட கலிங்கமே. நற்றிணையின் 90ஆம் பாடலில், விழாக்கொண்ட ஊருக்காகக் கை ஓயாத புலைத்தி ஒருத்தி இரவில் துணியைக் கஞ்சியில் தோய்க்கிறாள். குறுந்தொகையின் 330ஆம் பாடலோ இன்னும் நுட்பமானது. பசை தோய்த்து, அடித்து, குளத்தில் இட்ட துணியின் முறுக்கு நீரிலும் பிரியாமல் கிடப்பதை அது பகன்றைப் பூவுக்கு உவமையாக்குகிறது. வகுப்பறையில் உவமை நயத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கஞ்சி ஏறிய துணி வளைவதற்கும் பிரிவதற்கும் காட்டும் எதிர்ப்பைக் கூர்ந்து கண்ட ஒருவரால்தான் இதைப் பாட முடியும்.

இந்த விறைப்புக்கும் ஒரு விலை உண்டு. ஒரு துணி கிழியத் தொடங்கும்போது, நகர இடமுள்ள இழைகள் கிழிசலின் முனையில் ஒன்றுகூடிச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. நெருக்கமான சாதா நெசவிலும், கஞ்சியோ பிசினோ இறுகிய துணியிலும் இழைகள் நகர முடியாமல் ஒவ்வொன்றாகத் தனித்து அறுகின்றன. சாட்டின் நெசவில் இழைகள் பல இழைகளைத் தாண்டி மேலே மிதப்பதால் வழவழப்பு கூடுகிறது; ஆனால் ஒரு நகம் பட்டாலே இழை பிரிந்துவரும்.

1970களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவேயோ கவாபதா இந்தத் தொடு உணர்வை அளக்கக் கருவிகள் அமைத்தார். இழுவை, வளைவு, சறுக்கு, அமுக்கம், மேற்பரப்பு ஆகியவற்றை, கை தரும் அளவுக்கு ஒத்த சிறு விசைகளில் அவை அளந்தன. ஆனால் அவர் தொடங்கியது எண்களிலிருந்து அன்று. துணியைத் தொட்டே தரம் பிரித்த அனுபவசாலிகள் வழங்கிய கோஷி, நுமெரி, ஃபுகுராமி போன்ற சொற்களிலிருந்து. விறைப்பு, வழவழப்பு, உப்பல் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம்.

அத்தகைய கண் நமக்கும் இருந்தது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதன் அரசர்களான அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவையார் பாடிய புறநானூற்றின் 390, 392ஆம் பாடல்களில், பாணர் உடுத்திருந்த கந்தலுக்குப் பாசி உவமையாகிறது. கட்டு முழுதும் தளர்ந்து, இழை இழையாகத் தொங்கும் துணி அது. பசையால் இறுகிய கூடு ஒரு முனை. பாசியாய் நைந்த கந்தல் மறுமுனை. இழைக்கு எவ்வளவு கட்டு, எவ்வளவு விடுதலை என்று இவ்விரண்டுக்கும் இடையே ஓரிடத்தை முடிவு செய்வதுதான் நெசவும் பக்குவமும். துணியைக் கொடுத்த அரசனின் பெயர் பாட்டில் நிலைத்துவிட்டது. அந்த இடத்தைக் கைப்பதத்தால் கண்டறிந்த புலைத்தி பாட்டுக்குள் வந்தாள். அவள் பெயர் மட்டும் வரவில்லை.