மலைமேல் பள்ளிக்கூடம், அடிவாரத்தில் ஆர்மோனியம்

கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியது சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து. 1901இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். பழனி மலைக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா பின்னாளில் சிம்பொனி எழுதினார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, மேற்கத்திய இசை மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி வந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சான்று வேறு பக்கம் காட்டுகிறது. மோட்டார் சாலை வருமுன் அந்த வெள்ளைக்காரக் குடியிருப்புக்கு வேண்டியதெல்லாம் கூலிகளின் தோளிலும் தலையிலும் ஏறியது. சுமை ஏறிய வழியில் பாடம் இறங்கவில்லை. பண்ணைப்புரத்துக்கு வாய்த்தவை அண்ணன் பாவலர் வரதராஜனின் கட்சிக் கச்சேரி மேடையும் ஒரு ஆர்மோனியமும்தான்.

மலையின் கிழக்குச் சரிவுக்குக் கீழே, திண்டுக்கல்லில், வேறொரு கதை நடந்தது. அங்கே ஆசிரியர் பயிற்சி பெற்ற ஆபிரகாம் பண்டிதர் அந்த ஊரிலேயே வயலினும் பழகினார். 1917இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ பழந்தமிழ் இசையின் இணை, கிளை, பகை, நட்பு என்ற சுர உறவுகளை விரிவாக ஆராய்ந்தது. ஒரு சுரம் இன்னொரு சுரத்தோடு எப்படி உறவாடும் என்பதுதானே ஹார்மனியின் கேள்வியும்? ஆனால் அது கணக்கு. வாத்தியக் குழுவுக்கு எழுதும் கைத்தொழில் அல்ல. கிளாரினெட்காரர் தாளில் ‘ஸி’ என்று இருந்தால் காதில் விழுவது ‘பி பிளாட்’. வயோலாவுக்குத் தனி க்ளெஃப். டிராம்போன்காரருக்கு மூச்சு விட இடம் வேண்டும். இவை ஏட்டில் வருவதில்லை. எழுதியதை ஆட்கள் வாசித்துக் கேட்டால்தான் கைக்கு வரும்.

தமிழ்நாட்டில் அதற்கு இருந்த இடம் சினிமா ஒலிப்பதிவுக் கூடம். மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா பியானோவும் நோட்ஸ் எழுதுவதும் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், 1976இல் ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைத்தார். அதன்பின் காலையில் எழுதியதை நோட்ஸ் படிக்கத் தெரிந்த வயலின்காரர்கள் அன்றைக்கே வாசித்துக் காட்டினார்கள். இசைக் கல்லூரி மாணவன் தன் ஸ்கோரை முழு ஆர்கெஸ்ட்ரா வாசித்துக் கேட்க மாதக்கணக்கில் காத்திருப்பான். இந்த வேகமே அவருக்குப் பள்ளிக்கூடம் என்பது என் கட்சி. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு கற்றுத் தந்தது என்பார்கள். அவர் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கித்தாரில். அந்தத் தேர்வு சோதிப்பது வாசிக்கும் கையை, பிறருக்கு எழுதும் கையை அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சினிமாக் குழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆகாது. கூடத்தில் புல்லாங்குழலுக்குத் தனி மைக் வைத்து, முப்பது வயலினுக்கு மேலே அதைத் தூக்கி நிறுத்தலாம். மேடையில் கீழ் ஸ்தாயிக் குழலை வயலின்கள் விழுங்கிவிடும். சமநிலையைத் தாளிலேயே எழுதியாக வேண்டும். இது உண்மை, சினிமாப் பழக்கம் சிம்பொனிக்குப் பாதி துணை, பாதி தடை என்றே நினைக்கிறேன். அதனால்தான் சினிமாவுக்கு வெளியே அவர் செய்த 1986இன் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம் முக்கியமாகிறது. ராகத்தின் மேல் கார்டுகளை அடுக்கினால் கமகம் நசுங்கும். அதில் அவர் தியாகராஜரையும் பாஹையும் பக்கத்தில் வைத்து, ஒரு வரிக்கு எதிராக இன்னொரு வரியை ஓடவிட்டார். 1993இல் லண்டனில் ஜான் ஸ்காட் நடத்தி ராயல் பில்ஹார்மோனிக் வாசித்த சிம்பொனி, 2005இல் புடாபெஸ்ட் குழுவோடு திருவாசகம், 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ‘வேலியண்ட்’ சிம்பொனி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

கொடைக்கானல் குகையில் படமான ‘குணா’வுக்கு (1991) இசையமைத்தவரும் அவரே, அந்தப் பின்னணி இசையை இன்றும் காதால் கேட்டுத்தான் மாணவர்கள் படித்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்கோர் தாள்களில் கிடைப்பவற்றையாவது அச்சிட்டு, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ மாணவர் கைக்கு எட்டும் ஒரு நூலகத்தில் வைக்க வேண்டும். அரசு இசைக் கல்லூரிகள் இதைக் கையில் எடுக்கட்டும்.