சாவிக்கு முந்தைய கேள்வி



மணலி புதுநகரில் 'டூ லெட்' பலகை தொங்கும் வீட்டு வாசலில் நின்றால், முதலில் வாடகைப் பேச்சு வருவதில்லை. "சொந்த ஊர் எது?" என்பார்கள். சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். எங்களுக்கு ஒரு வீடு காலையில் பேசி முடிந்தது. சாயங்காலம் அட்வான்ஸோடு போனபோது "சொந்தக்காரங்க வர்றாங்க" என்றார்கள். பலகை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது. சாதிப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

'எந்தப் பக்கம்' என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது. 1960களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் மணலிக்கு வந்தன. பின்னர் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்துப் புதுநகரை உண்டாக்கியது. அதற்கெல்லாம் முன் இது செங்கல்பட்டு மாவட்டம், மிராசுதார்களின் மாவட்டம். நம் முன்னோருக்குச் சேரியில் வீடு இருந்தது. அந்த வீடு நின்ற தரை தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். அதற்குரிய வாடகை காசாக அல்ல, உழைப்பாக வசூலானது. கூலி போதாது என்றாலோ, தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுப் போட்டாலோ, குடிசையைக் காலி செய் என்ற மிரட்டல் வரும். நிலமில்லாதவரை நிலத்தோடு கட்டிப்போட்ட கயிறு அவர்களுடைய வீடுதான். மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இது இருக்கிறது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைகளிலிருந்து பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டுமனையைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அது நம் பக்கத்துக் குறை.

பட்டணத்துக்குச் சட்டங்கள் வந்தன. அடுத்தவர் தரையில் வீடு கட்டித் தரைவாடகை கொடுத்தவர்களுக்காக 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். பிறகு 1960இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் இடத்தில் 2019 முதல் நடப்பில் உள்ள, 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம். வாடகை எவ்வளவு, எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்று இவை விரிவாகப் பேசுகின்றன. சாதி பார்த்துக் கதவடைப்பதை எதுவும் குற்றமாக்கவில்லை. சாவி கைக்கு வந்த பிறகு நடப்பதற்கே இவை காவல். நமக்கோ சண்டை சாவிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடாவில் சாவியை எப்படிப் பெற்றார் என்பது நமக்குத் தெரியும்: பார்சி விடுதியில், பார்சிப் பெயரில். பதினோராம் நாள் தடிகளோடு வந்தார்கள். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அடைக்கலம் கேட்டுப் போன இந்து நண்பர், தனக்கு மறுப்பில்லை, வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்று நம்மிடம், "எங்களுக்கு ஒண்ணுமில்ல, மேல் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார்கள். நூறு வருடமாகச் சாதி எப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

பிற நாடுகளிலும் இந்தக் கதவு எளிதாகத் திறக்கவில்லை. பிரிட்டனில் 1965இன் இன உறவுச் சட்டம் வீடு மறுப்பதைப் பெரும்பாலும் தொடவில்லை, 1968இல்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்ததும் 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில். சட்டத்தைவிட அங்கே நாம் கற்க வேண்டியது ஒரு வேலைமுறை. வர்ஜீனியாவில் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளையரும் ஒரே நிறுவனத்திடம் தனித்தனியாக வீடு கேட்டார்கள். பெண்ணுக்கு 'காலி இல்லை', வெள்ளையருக்கு 'இருக்கிறது'. இருவரும் சோதிக்கப் போனவர்களே, குடியேற அல்ல. ஆனாலும் பொய் சொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்கு வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே வழியில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் வீடு கேட்டுப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் வாசலிலேயே கழிக்கப்படுவது அதில் பதிவானது.

நம் கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பதற்குத் தீண்டாமையின் பேரால் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. அதைவிட நாம் மறந்துபோனது 12ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படிக் குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியினர் ஒருவருக்கு இழைக்கப்பட்டால், காரணம் தீண்டாமையே என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று மெய்ப்பிப்பது எதிராளியின் பொறுப்பு. ஆகவே வீட்டுக்காரர் சாதிப் பெயரைச் சொன்னாரா என்று நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வீடு காலியாக இருந்தது, நமக்கு மறுக்கப்பட்டது, அடுத்து வந்தவருக்குக் கொடுக்க முன்வந்தார்கள் என்பதைக் காட்டும் சாட்சிதான் வேண்டும்.

இந்த அரங்கில் மாணவர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். மணலி புதுநகரிலிருந்தே தொடங்கலாம். இரண்டிரண்டு பேராக, ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவு சொல்லி, அரை மணி நேர இடைவெளியில் ஒரே வாசலுக்குப் போங்கள். தெரு, தேதி, கேட்ட வாடகை, சொன்ன பதில், பலகை எத்தனை நாள் தொங்கியது என்று எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகங்களை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.