வெட்டுமேசையிலிருந்து நீர்நிலைக்கு: பள்ளிக் கல்வியில் தவளை

இந்தியக் கல்விக்கூடங்களில் தவளை கற்பிக்கப்பட்ட முறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தை வரலாற்று நோக்கில் காண்பதும், இளஞ்சிறார்க்கு அவ்வுயிரை அதன் வாழிடத்தோடு சேர்த்துக் கற்பித்தற்குப் பழந்தமிழ் மரபு துணைபுரியுமாற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமஸ் ஹக்ஸ்லியும் மார்ட்டினும் 1875இல் வெளியிட்ட செய்முறை உயிரியல் நூல் தவளையை மாதிரி உயிர்களுள் ஒன்றாக வைத்தது. இத்தகைய மாதிரி உயிர்ப் பாடமுறையே இந்தியாவிலும் வேரூன்றியது. 'ரானா டைகிரினா' என்னும் பெயரில் மாணவர் அறிந்தது மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தப்பட்ட உடலையே. இதயத்தில் மூன்று அறைகள் உண்டு என்பதை மேனிலை வகுப்பில் யானும் பிழையின்றி எழுதியதுண்டு. அத்தவளை எக்குளத்திலிருந்து வந்தது என்று ஆசிரியரும் கூறவில்லை, யாங்களும் வினவவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் படிப்புகளில் உயிர்களை அறுத்துப் பார்ப்பதைத் தடைசெய்தது.

வகுப்பறைக்கு வெளியே வணிகமும் தவளையைத் தேடிற்று. தவளைக்கால் ஏற்றுமதியில் இந்தியா முன்னணியில் நின்றது. வயலில் பூச்சிகளை உண்ணும் உயிர் குறைவதன் தீங்கு உணரப்பட்டது. அழிவுநிலை உயிர்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கை 1985இல் இந்தியப் பெருந்தவளையைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 1987இல் இந்தியா ஏற்றுமதியையே தடைசெய்தது. இச்செய்தி சிறுவர் பாடநூல்களில் இடம்பெறாமை வியப்பிற்குரியது.

இனி, இலக்கியத்தை நோக்கலாம். குறுந்தொகை 193ஆம் பாடலில் அரிசில்கிழார் தேரையைத் தனியே காட்டவில்லை. குறுகிய வாயையுடைய மலைச்சுனை, அதில் அகன்ற வாயுடைய தேரை, அதன் ஒலிக்குத் தினைப்புனத்தில் கிளி கடியும் தட்டைப்பறை உவமை என, உயிரும் நீரும் ஒலியும் ஒரே காட்சியாக அமைகின்றன. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்து 103ஆம் பாடலும் ஓராண்டு அடங்கிக் கிடந்த தவளைகள் மழை கண்டு குரலெழுப்புவதைப் பாடுகிறது. காலமும் மொழியும் வேறாயினும் இரண்டிலும் தவளை நீரோடு பிரியாதது. நன்னூலார் நூற்பா அமைவிற்குத் 'தவளைப் பாய்த்து' என்று பெயரிட்டதும் கண்ணால் கண்டு பழகிய தாவலிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும்.

இன்றைய பாடநூல்கள் வழங்கும் 'ஈரநிலம்' என்னும் பொதுச்சொல் சிறுவர்க்கு எதையும் காட்டுவதில்லை என்பது என் கருத்து. சுனை, கயம், பொய்கை, மடு, தாங்கல் என்பன தனித்தனி இடங்கள். கேரளத்தில் திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலுள்ள கோள் நிலங்களை எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஏரிபோல் நீர் நிற்கும் அந்நிலங்களில் நீர் இறைத்தபின் நெல் விளைகிறது. வேம்பநாட்டுக் காயலோடு அவையும் சேர்ந்து 2002இல் ராம்சார் தளமாயின. 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. இங்கு வாழும் மலையாளச் சிறுவன் தலைப்பிரட்டையை 'வால்மாக்ரி' என்கிறான். வாலோடு கூடிய தவளை என்னும் அச்சொல்லிலேயே பாதிப் பாடம் அடங்கியுள்ளது.

முட்டை, தலைப்பிரட்டை, தவளை என வட்டமாக வரையப்படும் படமும் மறுபார்வைக்குரியது. அதில் நீர்நிலை வரையப்படுவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதாளத் தவளை ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள்களே இனப்பெருக்கத்திற்காக வெளிவருகிறது. அதன் தலைப்பிரட்டைகளோ உறிஞ்சுவாயால் ஓடைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு விரைந்தோடும் நீரில் வளர்கின்றன. அத்தலைப்பிரட்டையை 1918ஆம் ஆண்டிலேயே விலங்கியலார் விவரித்துவிட்டனர். அது வளர்ந்து எதுவாகிறது என்பது எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுய்ட்டும் இடுக்கி மாவட்டத்துத் தவளையை 2003இல் புதிய இனமாக அறிவித்த பின்னரே தெளிவாயிற்று. ஓடையில் குழந்தையும் மண்ணுக்குள் தாயுமாக, ஒன்றோடொன்று இணைத்துக் காணப்படாமலே அவை எண்பத்தைந்து ஆண்டுகள் இருந்திருக்கின்றன.