1885இல் ஒரு நாவலும் ஒரு சட்டமும்: நமது புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?

1885ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த இரண்டு விடயங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். கண்டியில் சட்டத்தரணியாக இருந்த எம்.சி. சித்திலெப்பை 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். இலங்கையர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். கெய்ரோ, பம்பாய், கல்கத்தா என்று ஓடும் கதை. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

மற்றது பரீட்சைக்கு வருவதில்லை. அதே 1885இல்தான் ஆங்கிலேய அரசாங்கம் அச்சிடுவோர், வெளியிடுவோர் பற்றிய கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் சில பிரதிகளை அச்சகக்காரர் அரசாங்கத்திடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பிரதி கொழும்பு நூதனசாலை நூலகத்துக்குப் போகும். இன்னொன்று கப்பலேறி லண்டன் பிரித்தானிய நூதனசாலைக்குப் போகும். யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று கண் வைத்திருக்கும் நோக்கமும் அதில் இருந்தது. வெள்ளைக்காரன் நம்முடைய கஸீதாவையும் முனாஜாத்தையும் படித்து ரசிக்கவா கேட்டான்? ஆனாலும் அந்தச் சட்டத்தால் பிழைத்தவை நிறைய. ஊரில் ஒரு வீட்டிலும் இல்லாத நமது பழைய நூல்களைத் தேடி ஆய்வாளர்கள் லண்டனுக்குப் போக வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்கள் அவ்வப்போது அறிவித்தல்கள் போடுகின்றன. புதிய நூல்கள் வந்திருக்கின்றன, திறந்திருக்கும் நேரம் மாறியிருக்கிறது, பழைய ஆய்வேடுகள் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று. நாங்கள் அவற்றை, 'கெம்பஸ் பிள்ளைகளுக்குரிய விடயம்' என்று தள்ளிவிட்டுப் போகிறோம். அந்த நூலகங்களுக்கும் நம்முடைய ஊர்களுக்கும் உள்ள தொடர்பு ஒரு மாணவர் அட்டையுடன் முடிந்துபோவதில்லை.

பேராதனையை எடுத்துக்கொள்வோம். அந்த நூலகத்தின் தொடக்கம் பேராதனையில் இல்லை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதற்கென்று உருவான நூலகம் அது. 1942இல் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமானது. 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தபோது நூலகமும் மலையேறியது. அதே 1952 முதல் இன்னொரு மாற்றமும் வந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரதிகள் பெறும் நூலகங்களில் பேராதனையும் ஒன்றானது. லண்டனுக்குக் கப்பலில் போனது போல, இனி நாட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கும் புத்தகம் போகும். கண்டியில் அச்சான புத்தகத்தைத் தேடிக் கண்டிக்குப் பக்கத்திலேயே போகலாம் என்பது சின்ன விடயமல்ல.

அந்தக் காலத்தில் நம்மவர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பாணந்துறையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு என்ற பொருளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். சீறாப்புராணத்தைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பலர் கேட்ட காலம் அது. நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. வெளியிட்டது கொழும்பின் பெரிய பதிப்பகமில்லை. கண்டி மாவட்டத்தில் இருக்கும் கல்ஹின்னை என்ற கிராமத்தின் தமிழ்மன்றம்! எஸ்.எம். ஹனிபா அவர்கள் கட்டியெழுப்பிய அந்த மன்றம் பிறகும் நிறைய நூல்களை வெளியிட்டது. ஒரு மலைக்கிராமத்து மன்றம் வெளியிட்ட நூல் இன்று உலகப் பல்கலைக்கழகங்களின் பட்டியல்களில் இருக்கிறது. அது தானாக அங்கே போய்ச் சேரவில்லை. யாரோ பொதி கட்டினார்கள், யாரோ தபால் கட்டணம் கொடுத்தார்கள், யாரோ பட்டியலில் ஏற்றினார்கள்.

பட்டியல் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. பேராதனையில் நூலகராக இருந்த எச்.ஏ.ஐ. குணதிலக. இலங்கையைப் பற்றி வெளிவந்த நூல்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் தேடி ஐந்து தொகுதிகளில் ஒரு நூல்விபரப் பட்டியல் செய்தார். 1970இல் தொடங்கி 1983 வரை வந்தது. இலங்கையைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள். மிகப் பெரிய உழைப்பு. ஆனால் அது மேற்கத்திய மொழிகளில் வந்தவற்றுக்கான பட்டியல். தமிழிலும் சிங்களத்திலும் வந்தவை அதன் எல்லைக்குள் இல்லை. அது அவருடைய குறையல்ல. ஒரு மனிதர் எவ்வளவுதான் சுமப்பார்? ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு அப்படியொரு வேலை வர 2002 ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து புலம்பெயர்ந்த என். செல்வராஜா 'நூல்தேட்டம்' முதல் தொகுதியை அந்த ஆண்டுதான் வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்று தொடர்ந்து வருகிறது. நம்முடைய ஊர் எழுத்தாளர்கள் பலரின் பெயரை நான் முதலில் அதில்தான் கண்டேன்.

இதற்கிடையில் நாம் இழந்தவற்றையும் கணக்கெடுக்க வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அங்கே மட்டும் இருந்தவை இனி எங்கேயும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது உடுத்த உடையோடு வந்தவர்கள்தான் அதிகம். வீட்டுப் பெட்டகத்தில் இருந்த கடிதம், உறுதி, மலர் எதையும் எடுத்துவர முடியவில்லை. 2004இல் கடல் வந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரையோரத்தில் என்னென்ன கொண்டுபோனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயிர்களைப் பற்றிப் பேசும்போது கடதாசியைப் பற்றிப் பேச வாய் வராது, உண்மைதான். ஆனால் இருபது வருடம் கழிந்துவிட்டது, இப்போதாவது பேசலாம்.

நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுதும்படி ஒப்படை தந்தார்கள். கரையோரப் பாடசாலை ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். சம்பவத் திரட்டுப் புத்தகம் கடலோடு போயிருந்தது. பழைய ஆண்டு மலர் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து வீடு ஏறி இறங்கினேன். கடைசியில் முன்னாள் அதிபர் ஒருவரின் வாய்மொழியை வைத்துத்தான் எழுதி முடித்தேன். அவர் இப்போது மௌத்தாகிவிட்டார். அந்த மலர் அச்சான வருடமே ஒரு பிரதி ஏதாவது ஒரு பெரிய நூலகத்துக்குப் போயிருந்தால், இன்றைக்கும் ஒரு பிள்ளை போய் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம்.

நமக்குப் பக்கத்தில் ஒலுவில் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தற்காலிக இடத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது. யுத்தத்தால் படிப்பை இடையில் விட்ட நம் பிள்ளைகளுக்காகப் பிறந்த இடம் அது. அதன் நூலகமும் பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகங்களும் இப்போது எண்ணிமக் களஞ்சியம் வைத்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டுத் தொகுப்புகள் பலவற்றை வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் பதிவிறக்கிப் படிக்கலாம், காசில்லை. உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடிப் பாருங்கள். நம் ஊர் நெசவையும் மீன்பிடியையும் காணிப் பிரச்சினையையும் பற்றி யாரோ ஒரு பிள்ளை எழுதி வைத்திருக்கக்கூடும். புத்தகத்தை இரவல் எடுத்துவரத்தான் வெளியாட்களுக்கு முடியாது. கடிதத்தோடு போய் அங்கேயே இருந்து வாசிக்க அனுமதி கேட்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பிரதி பெறும் நூலகம் பேராதனை. ஒலுவிலுக்கு அப்படித் தானாக எதுவும் வராது. நாம் கொடுத்தால்தான் உண்டு. பேராதனைக்கும் அச்சகக்காரர் ஒப்படைத்தால்தான் போகும். அந்தக் கடமை இப்போதும் இருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களம் அதைப் பார்க்கிறது. நம்முடைய பள்ளிவாசல் மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், விளையாட்டுக் கழகத்தின் வெள்ளிவிழா மலர் எல்லாம் இருநூறு முந்நூறு பிரதி அடித்து, விழா மேடையில் பிரமுகர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை அலுமாரியில் கறையானுக்குக் கொடுக்கிறோம். 'இதெல்லாம் ஒரு புத்தகமா சேர்?' என்று ஒருவர் கேட்டார். ஐம்பது வருடம் கழித்து வரலாறு எழுதுகிறவனுக்கு அதுதான் புத்தகம். 1966இல் மருதமுனையில் நடந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டின் அழைப்பிதழோ கட்டுரையோ யாரிடமாவது கையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இந்த வருடம் மலர் வெளியிட இருக்கும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். வரவு செலவுக் கணக்குப் போடும்போதே பத்துப் பிரதிகளை ஒதுக்கி வையுங்கள். அச்சகத்தில் கொடுக்கும்போதே, சட்டப்படி அனுப்ப வேண்டியதை அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் இலக்கம் எடுங்கள். ஒலுவிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரண்டிரண்டு பிரதிகளை நூலகருக்கு முகவரியிட்டு, ஒரு சிறு கடிதத்துடன் அனுப்புங்கள். மலரில் ஆண்டும் அச்சகத்தின் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். ஆண்டு போடாத மலர்கள் எத்தனையைப் பார்த்துவிட்டேன்!

வீட்டில் 2004க்கு முந்திய மலர், பத்திரிகை, கையெழுத்துச் சஞ்சிகை எது இருந்தாலும் கீழே கருத்தில் அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். தர வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். லீவு நாளில் வந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு போகிறேன். பேராண்டு மாணவர்கள் இரண்டு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.